ஃப்ளோட்டிங்கா, ஃபிக்ஸடா: சென்னையில் ஓடுகிற காருக்கு எந்த பிரேக்?

என் காரின் முன் சக்கர பிரேக் டிஸ்க் இரண்டும் தேய்ந்து, மாற்றியே ஆக வேண்டும் என்று ஆனபோது, "செலவோட செலவா நாலு பிஸ்டன் காலிப்பர் கிட் போட்டுடலாமே சார்" என்றார் கடைக்காரர். டிஸ்கை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பாகம்தான் காலிப்பர்; அவர் சொன்னது ஃபிக்ஸட் வகை. நான் போடவில்லை. கம்பெனி கொடுத்த ஃப்ளோட்டிங் காலிப்பரையே வைத்துக்கொண்டு, சாதா ஒற்றை வார்ப்பு டிஸ்க் மட்டும் வாங்கினேன்.

ஃப்ளோட்டிங் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். அது உள்பக்க பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தியதும், காலிப்பர் இரண்டு கைடு பின்கள் மேல் சறுக்கி வெளி பேடையும் இழுத்து அழுத்தும். ஃபிக்ஸடில் காலிப்பர் அசையாது. இரு பக்கமும் பிஸ்டன் இருக்கும். பெடல் கெட்டியாக, கால் வைத்ததுமே பிடிக்கும். நண்பர் காரை ஈசிஆரில் கொஞ்ச தூரம் ஓட்டியபோது அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் ஃபிக்ஸடை வருஷக்கணக்கில் வைத்துப் பராமரித்தவன் இல்லை நான். இனி சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அவசரமாக ஒருமுறை நிறுத்தும்போது தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்பு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்குச் சாதா காலிப்பரே அழுத்திவிடும். பெரிய டிஸ்கும் கூடுதல் பிஸ்டன்களும் உதவுவது, நல்ல வேகத்திலிருந்து திரும்பத் திரும்பப் பிடித்து பிரேக் சூடேறும்போதுதான். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுபவருக்கு அது வேண்டும். கத்திப்பாராவில் ஊர்ந்து போகிற எனக்கு எதற்கு?

என் கணக்கில் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இதில் ஃப்ளோட்டிங்கின் பலவீனம் அந்தக் கைடு பின்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேளச்சேரிப் பக்கம் தேங்கிய தண்ணீரில் போய் வந்த கார், கடலோரம் உப்புக் காற்றில் நிற்கிற கார், இரண்டுக்கும் ஒரே கதிதான். கைடு பின் மேலிருக்கும் ரப்பர் உறை (பூட்) லேசாகக் கிழிந்தாலே தண்ணீர் இறங்கித் துரு பிடிக்கும். அப்புறம் காலிப்பர் சறுக்காது. என் காரில் இடது பக்க உள் பேட் தகடு தெரியும் அளவுக்குப் போயிருந்தது. வெளி பேடில் பாதிக்கு மேல் மீதி. மெக்கானிக் பின்னை முறுக்கி முறுக்கித்தான் உருவினார். காப்பிப்பொடி நிறத்தில் பசையாக வந்தது.

சரி, வைத்தியம் என்ன? பின்னையும் துளையையும் துடைத்து, பூட் மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவினால் முடிந்தது. பேரிங்குக்கு வைக்கிற கிரீஸ் வேண்டாம், ரப்பரை ஊத வைத்துவிடும். சில கார்களில் மேல் பின்னும் கீழ் பின்னும் வேறு வேறு; இடம் மாற்றக் கூடாது. இந்த வேலைக்குத் தெருமுனை மெக்கானிக் போதும், பூட் கிட் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். ஃபிக்ஸடில் கைடு பின் தொல்லையே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உப்பும் ஈரமும் அதன் பிஸ்டன் சீல்களையும் விடாது. அவை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு. நான் விசாரித்த கடைகளில் சீல் கிட்டை ஆர்டர் போட்டுக் காத்திருக்கத்தான் சொன்னார்கள்.

டிஸ்கிலும் ஃப்ளோட்டிங் உண்டு. நடுவில் அலுமினியம், சுற்றி இரும்பு வளையம். இரண்டையும் பட்டன்கள் இணைக்கும். சூட்டில் வளையம் தாராளமாக விரியலாம், எடையும் குறைவு. இது பொருந்துவது ஃபிக்ஸட் காலிப்பருக்குத்தான்: அதில் சாதா டிஸ்க் லேசாக ஆடினாலும் பிஸ்டன்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டு, அடுத்த மிதிக்குப் பெடல் ஆழமாக இறங்கும்; ஃப்ளோட்டிங் டிஸ்கின் வளையம் கொஞ்சம் நகர்ந்துகொடுத்து அதைக் குறைக்கும். சறுக்குகிற காலிப்பர் அந்த ஆட்டத்தோடு தானும் கொஞ்சம் நகர்ந்துகொள்ளும். அதனால் எனக்குச் சாதா டிஸ்கே போதுமென்று பட்டது.

கம்பெனியிலிருந்தே ஃபிக்ஸடோடு வந்த கார் என்றால் அதை மாற்றச் சொல்லமாட்டேன். புதுப்பேட்டையில் பழைய கிட் மலிவாகக் கிடைத்தது என்று வருபவர்களிடம் மட்டும் இரண்டு கேள்வி: உங்கள் ரிம்முக்குள் அது அடங்குமா? அத்தனை பிஸ்டனுக்கும் ஆயில் தள்ள உங்கள் மாஸ்டர் சிலிண்டரின் அளவு போதுமா?