வைஃபை கேமராவோடு ஊர் ஊராக: சில வருட அனுபவம்

வெளியூருக்கு வைஃபை கேமரா கொண்டு போகும் யோசனை இருந்தால், கூடவே ஒரு சின்ன ரௌட்டரும் வாங்கிவிடுங்கள். சில வருடங்களாகக் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு சுற்றுகிற நான் சொல்லக்கூடியதில் முக்கால்வாசி இதுதான். மீதிக் கால்வாசி கரண்ட், டேட்டா, அப்புறம் என் அம்மா.

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். வீட்டில் தனியாக விட மனசு வராது. வேலை விஷயமாக ஒரு வாரம், பத்து நாள் தங்குவது மாதிரி இருந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். பகலில் நான் சைட்டில், அவர் அறையில். கேமரா ரொம்பச் சாதாரணமானது: வீட்டுக்குள் வைக்கிற, தலையைத் திருப்பிப் பார்க்கிற, 1080பி வகை. மெமரி கார்டு போடலாம், ஆப் வழியாக இருபக்கமும் பேசலாம். வீட்டில் மாட்டியபோது ஐந்து நிமிட வேலை. ஹோட்டலில் அது நடக்காது.

ஏனென்றால் ஹோட்டல் வைஃபையில் இணைந்தவுடன் ஒரு பக்கம் திறக்கும். அறை எண், பெயர், சில இடங்களில் மொபைல் எண்ணும் ஓடிபியும் கேட்கும். போனில் தட்டிவிடலாம், கேமராவுக்குத் திரையும் கிடையாது, பிரவுசரும் கிடையாது. நெட்வொர்க்கில் சேர்ந்ததாகக் காட்டும், ஆனால் இன்டர்நெட் வராது, விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும். பல ஹோட்டல்களில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தனித்தனியாகப் பிரித்தும் வைத்திருப்பார்கள். பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் ஆப் கேமராவைத் தேடிக் கண்டுபிடிக்காது. இதற்கு மேல், அறைக்கு இத்தனை சாதனம்தான் என்கிற கணக்கு வேறு.

போன் ஹாட்ஸ்பாட் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். கார் பயணத்துக்கும் அவசரத்துக்கும் போதும். ஆனால் பெரும்பாலான விலை குறைந்த கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிற வைஃபை அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். இப்போதைய போன்கள் பலவும் 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் தருகின்றன. ஆண்ட்ராய்டில் பேண்ட் என்ற இடத்தில் மாற்றலாம். ஐபோன் 12-இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதை ஆன் செய்ய வேண்டும். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு இறக்குங்கள், பழைய கேமராக்களுக்கு 3 புரியாது. இதெல்லாம் சரியானாலும், போன் உங்கள் சட்டைப் பையில் கிளம்பிப் போகும்போது கேமராவின் இன்டர்நெட்டும் கூடவே போய்விடும். அறையில் விட்டுப் போக இரண்டாவது போனோ 4ஜி டாங்கிளோ இருந்தால் மட்டும் இந்த வழி.

சரி, ரௌட்டர். நான் வைத்திருப்பது ஜிஎல் ஐநெட் நிறுவனத்தின் மேங்கோ. மஞ்சளாக, உள்ளங்கையில் அடங்கும், போன் சார்ஜரிலேயே ஓடும். 2.4 மட்டும்தான், கேமராவுக்கு அதுவே வசதி. இதில் என் வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் அப்படியே வைத்திருக்கிறேன், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. கேமராவுக்கு ஊர் மாறியதே தெரியாது. சொருகினால் தெரிந்த பெயரைத் தேடிப் பிடித்துச் சேர்ந்துகொள்கிறது. ரீசெட் ஊசி தேட வேண்டாம், க்யூஆர் கோடு காட்ட வேண்டாம், ஆப்பில் எதையும் அழிக்க வேண்டாம். வீடு திரும்பினாலும் அப்படியே.

அறைக்குள் போனதும் நான் செய்வது இது. ரௌட்டரைச் சொருகி, போனை அதில் இணைத்து, பிரவுசரில் 192.168.8.1 அடித்து, ரிப்பீட்டர் என்ற பகுதியில் ஹோட்டல் வைஃபையைத் தேர்ந்தெடுக்கிறேன். அதன் பிறகு அதே போனில் ஹோட்டலின் லாகின் பக்கம் வரும். அறை எண்ணைப் போட்டு உள்ளே போகிறேன். ஹோட்டலின் கணக்கில் உள்ளே வந்தது ரௌட்டர் என்கிற ஒரே சாதனம். அதன் முதுகுக்குப் பின்னால் போன், லேப்டாப், கேமரா, அம்மாவின் டேப்லெட் எல்லாம் ஓடும். லாகின் பக்கம் தானாகத் திறக்கவில்லை என்றால் பூட்டுப் போடாத பழைய வகை எச்டிடிபி முகவரி ஒன்றை அடித்துப் பாருங்கள், நெவர்எஸ்எஸ்எல்.காம் இதற்கென்றே இருக்கிறது. அதற்கும் வரவில்லையா, ரௌட்டரில் டிஎன்எஸ்-ஸை (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தருவது) நீங்களே மாற்றி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சுவரில் லேன் போர்ட் இருக்கும் அறை கிடைத்தால் வயரையே சொருகிவிடலாம், வேகமும் குறையாது.

வைஃபையை வாங்கி வைஃபையாகவே கொடுப்பதால் வேகம் பாதியாகும். கேமராவுக்குப் பரவாயில்லை. அதே ரௌட்டரில் அம்மா சீரியல் பார்க்க ஆரம்பித்தால்தான் லைவ் வீடியோ திக்கித் திக்கி வருகிறது.

கரண்ட் கதைக்கு வருகிறேன். சாவிக் கார்டைச் செருகினால்தான் அறையில் மின்சாரம் வரும் ஹோட்டல்களில், லேப்டாப்பை அறையில் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் கோவிலுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து கேமரா அணைந்துவிடும். கண்காணிப்பு தேவைப்படுவதே அப்போதுதான்! பெரும்பாலும் குட்டி ஃப்ரிட்ஜின் பிளக் பாயிண்ட் மட்டும் உயிரோடு இருக்கும். அதில் ஒரு மல்டி பிளக் போட்டு ரௌட்டர், கேமரா இரண்டையும் அங்கே கொண்டு போய்விடுவேன். ஃப்ரிட்ஜ் மூலையிலிருந்து கதவு தெரியாத அறையில் ரிசப்ஷனில் இரண்டாவது கார்டு கேட்பேன். லாட்ஜ்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே கரண்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் எல்லாம் அணைந்து எழும். ரௌட்டர் எழுந்து, கேமரா எழுந்து, மறுபடி படம் வர சில நிமிடம் ஆகும்.

கேமரா வாங்கும்போது அடாப்டரைப் பாருங்கள். 5 வோல்ட் யூஎஸ்பியில் ஓடுவது பயணத்துக்கு ஏற்றது, பவர் பேங்கிலும் ஓடும். 9 வோல்ட் உருண்டைப் பின் வகை என்றால் அந்த அடாப்டரை மறந்துவிட்டுப் போனால் ஊரெல்லாம் தேட வேண்டும்.

சிங்கப்பூரில் தம்பி வீட்டில் தங்கியபோது இந்த ரௌட்டர்கூடத் தேவைப்படவில்லை. அவன் வீட்டு ரௌட்டரில் விருந்தினர் நெட்வொர்க் ஒன்றை 2.4-இல், டபிள்யூபிஏ2-வில், எங்கள் வீட்டுப் பெயரிலேயே திறந்துவிட்டான்; கேமரா தானாகச் சேர்ந்துகொண்டது. அங்கே கவனிக்க வேண்டியது மூன்று முள் சதுரப் பின் பிளக்கும் நேர மண்டலமும்தான். கேமரா நம்ம ஊர் நேரத்திலேயே இருந்ததால், காலை 9 மணிக்குத் தொடங்க வேண்டிய அசைவு எச்சரிக்கை அங்கே பதினொன்றரைக்குத்தான் விழித்தது. இலங்கை என்றால் இந்தப் பிரச்சினை வராது, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

டேட்டா பற்றி. மெமரி கார்டில் பதிவாவதற்கு இன்டர்நெட் செலவில்லை. லைவ் பார்க்கும்போதுதான் போகும்: நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்தாலே மணிக்கு 450 எம்பி. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் இருக்கும் டாங்கிள் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். தரத்தைக் குறைத்து, எட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுவது நல்லது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து கேமராவுக்கு நேராக வழி திறந்து வைப்பது) செய்யச் சொல்லும் பழைய வீடியோக்களைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஹோட்டலிலும் மொபைல் நெட்டிலும் உங்களுக்கென்று தனி வெளி முகவரி கிடையாது, அதனால் அது நடக்காது. இந்தக் கேமராக்கள் தாங்களாகவே கம்பெனி சர்வரைக் கூப்பிட்டு இணைப்பை வைத்திருக்கின்றன. அதனால்தான் எங்கே சொருகினாலும் ஆப்பில் வருகின்றன.

அம்மாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "டேய், இது என்னையே திரும்பித் திரும்பிப் பார்க்குது" என்று துண்டைப் போட்டு மூடிவிட்டார். இப்போது கட்டில் பக்கம் திருப்புவதில்லை, கதவையும் நாற்காலியையும் மட்டும் பார்க்கிறது. அம்மா சொன்னால் பிரைவஸி மோடு. ஒரு நாள் மாத்திரை போட்டாச்சா என்று ஸ்பீக்கரில் கேட்டதற்கு, "விளக்கேத்திட்டு இருக்கேன், அப்புறம் பேசு" என்று பதில் வந்தது. அறை சுத்தம் செய்ய வருகிறவர்களிடம் கேமரா இருக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன். சிலர் அணைக்கச் சொல்வார்கள், அணைத்துவிடுவேன். வாடகை வீடுகளில் வேறு மாதிரி சந்தேகம் வரும், வீட்டுக்காரர் வைத்த கேமரா இருக்குமோ என்று. ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமரா வைக்க அனுமதிப்பதில்லை.

இன்னும் முழுசாகத் தீராதது ஒன்று உண்டு. பல ஹோட்டல்களில் லாகின் 24 மணி நேரத்தில் காலாவதியாகும். மறுபடி அறைக்குப் போய் போனில் தட்டும்வரை கேமரா ஊமை. இரண்டு நாளுக்கு மேல் தங்குவதென்றால், ரௌட்டரின் மேக் அட்ரஸை (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) குறித்து ரிசப்ஷனில் கொடுத்து, லாகின் கேட்காமல் திறந்துவிடச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் ஆள் பணியில் இருக்கும் ஹோட்டல் என்றால் பத்து நிமிடத்தில் செய்து தருகிறார்கள். இல்லாத இடத்தில் தினமும் காலையில் கிளம்பும் முன் லாக்அவுட் செய்து, புதிதாக லாகின் செய்துவிட்டுப் போகிறேன். அப்படிச் செய்தால் அன்றைய பகல் முழுக்கத் தாங்குகிறது.