வெட்சூட்டா, ட்ரைசூட்டா: குளிர்கடலில் இறங்கும் டெல்டாக்காரர்களுக்கு

ஐப்பசியில் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் முங்கி எழ அரை நிமிஷம் போதும். சிலிண்டர் காற்றோடு முக்குளிக்கும் ஸ்கூபாவில் நாற்பது நிமிஷம் உள்ளேயே கிடக்க வேண்டும். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

பூம்புகார்க் கடலில் 3 மி.மீ. தடிமனுள்ள வெட்சூட் (நீர் உள்ளே புகும் ரப்பர் உடை) தாராளம், அங்கே தொல்லை குளிர் அல்ல, கலங்கல். இங்கே பழகியவர் வளைகுடா வேலைக்குப் போய், மாசி மாதம் ஃபுஜைராவில் 22 டிகிரி நீரில் அதே உடையோடு இறங்கினால் இரண்டாவது முக்குளிப்பிலேயே பல் தந்தியடிக்கும்.

வெட்சூட்டுக்குள் புகும் தண்ணீர்தான் சூடாகி நம்மைக் காக்கிறது என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. காப்பது நியோப்ரீன் என்ற நுரை ரப்பருக்குள் அடைபட்ட வாயுக்குமிழிகள். உள்ளே இருக்கும் நீர் நகராமல் இருந்தால் போதும். அதனால் தடிமனைவிட உடம்போடு ஒட்டும் அளவு முக்கியம். இடுப்புக்கு மேல் முதுகுப் பள்ளத்தில் துணி ஒட்டாமல் நின்றால், குனிந்து நிமிரும்போதெல்லாம் குளிர்நீர் மாறி மாறிப் புகும். தொளதொள 7 மி.மீ.யைவிடக் கச்சிதமான 5 மி.மீ. மேல்.

வெட்சூட்டின் நிஜமான குறை ஆழத்தில் தெரியும். 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு. குமிழிகள் நசுங்கி உடை மெலியும். சூடும் போகும், மிதப்பும் போகும். குளிர் அதிகமான இடத்தில்தான் உடை கைவிடுகிறது. மேலே வந்து படகில் வாடைக்காற்றில் உட்கார்ந்தால், ஈரம் ஆவியாகி இன்னும் நடுக்கும். மேலே போட ஒரு மழைக்கோட்டு இருந்தால் அதில் பாதி தீரும்.

செமி-ட்ரை என்பது நடுவில் நிற்பது: மணிக்கட்டு, கணுக்கால், கழுத்தில் இறுக்கமான பட்டை வைத்த 7 மி.மீ. உடை. நீர் 12 முதல் 18 டிகிரி, நாளைக்கு ஒன்றிரண்டு முக்குளிப்பு என்றால் இதுவும் தலையை மூடும் ஒரு ஹூடும் போதும். நனையும், ஆனால் நீர் ஓடாது.

ட்ரைசூட் வேறு ஜாதி, உள்ளே நீரே புகாது. மெல்லிய ட்ரைலேமினேட் (மூன்றடுக்குத் துணி) உடை சூடே தராது. சூடு தருவது உள்ளே போடும் கம்பளி அல்லது ஃபிளீஸ். பருத்தி பனியன் கூடவே கூடாது, வேர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே கிடக்கும். ஆழம் போகப் போக உடை உடம்பைக் கவ்வும். மார்பு வால்வை அழுத்திச் சிலிண்டர் காற்றைக் கொஞ்சம் விட வேண்டும். ஏறும்போது அது விரியும். இடது முழங்கையை உயர்த்தித் தோள்புற வால்வு வழியே வெளியேற்ற வேண்டும். மறந்தால் அடக்க முடியாத வேகத்தில் மேலே இழுத்துவிடும், காற்று கால்பக்கம் போனால் தலைகீழாகவே. தனிப் பயிற்சி இல்லாமல் தொடக்கூடாது. ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா நீர்ப்பிளவில், நீர் 2 முதல் 4 டிகிரி, ட்ரைசூட் இல்லாமல் ஸ்கூபாவுக்கு விடவே மாட்டார்கள். உடைக்குள் ஒன்றுக்குப் போக முடியாதே என்று தண்ணீர் குடிக்காமல் இறங்குவதும் பலர் வழக்கம், அது தப்பு. நீர்ச்சத்துக் குறைவு டிகம்ப்ரஷன் நோய்க்கு (மேலே ஏறும்போது உடம்புக்குள் வாயுக்குமிழி உண்டாவது) வாய்ப்பைக் கூட்டும்.

10 டிகிரிக்குக் கீழே எந்த உடையானாலும், குளிர்நீருக்கென்று சோதித்த ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பனி கட்டி, காற்று நிற்காமல் கொட்டும்.

சொந்தமாக வாங்குவதா? வருஷத்துக்கு ஒரு குளிர்ப்பயணம் போகிறவர் ட்ரைசூட்டைப் போகிற ஊரிலேயே வாடகைக்கு எடுக்கட்டும். இந்த ஊர் வெயிலும் உப்புக்காற்றும் லேடெக்ஸ் கழுத்துப்பட்டையை எளிதில் பிசுபிசுப்பாக்கும், பிறகு கிழிக்கும். மாற்றி ஒட்ட நாகப்பட்டினத்தில் ஆள் தேடி அலைய வேண்டும். வாங்கியே தீருவேன் என்பவர், வளையத்தில் மாட்டும் சிலிகான் பட்டை உள்ளதாகப் பார்க்கவும். கிழிந்தால் வீட்டிலேயே மாற்றலாம். வெட்சூட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை: நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே திருப்பி, நிழலில் அகலத் தோள் ஹேங்கரில் தொங்கவிட வேண்டும். கொடியில் மடித்துப் போட்டால் மடிப்பு விழுந்த இடம் நிரந்தரமாக மெலிந்துவிடும். நெல் மூட்டை அடுக்கிய அறையில் மட்டும் வைக்க வேண்டாம். எலிக்கு நியோப்ரீனும் ஒன்றுதான், சாக்கும் ஒன்றுதான்.