பாஸ்போர்ட் பெயரே கேட்காமல் விற்ற கொலோசியம் சீட்டு: 264 யூரோ போச்சு

ரோமில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விடிந்தால் ரயில். ஆறவிட்டால் 'போனால் போகட்டும்' என்று நானே விட்டுவிடுவேன், அதனால் சூட்டோடு எழுதிவிடுகிறேன். இங்கே வரப்போகிற ஒரு ஜோடியாவது தப்பிக்கட்டும். என்னென்ன பார்த்துச் செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

போனது 264 யூரோ. இரண்டு பேருக்கு, ஒரே நாளில்.

எங்கள் பதினைந்தாவது கல்யாண நாள். கொலோசியம் சீட்டு அரசுத் தளத்தில் 18 யூரோதான். ஆனால் அதை ஒரு மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும். நாங்கள் பார்த்தது நாலு நாள் முன்பு, ஒன்றும் மிச்சமில்லை. அப்போதுதான் இந்தத் தளம் கண்ணில் பட்டது. பெயர் போடவில்லை, வகையை மட்டும் சொல்கிறேன்: சொந்தமாக எதையும் நடத்தாமல், யார் யாரோ நடத்தும் சுற்றுலாக்களைத் தன் கடையில் வைத்து விற்கும் தளம். 'தம்பதிக்கு ஒரு நாள்' என்று போட்டிருந்தான். காலையில் வரிசையில் நிற்காமல் கொலோசியம், மதியம் பாந்தியன் என்கிற பழைய ரோமானியக் கோயில், ராத்திரி திராஸ்தேவெரே என்கிற பேட்டையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பாடு.

இவர் "இரும்மா, காலையில யோசிச்சுப் பண்ணலாம்" என்றார். நான்தான் கேட்கவில்லை. கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைத் திருப்பிப் பார்க்கிறவள் நான். என்னை விழ வைத்தது என் முட்டிவலி. படி நிறைய ஏற வேண்டுமா என்று சுற்றுலா நடத்துகிறவனுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். இரண்டே நிமிஷத்தில் பதில்: கவலை வேண்டாம் மேடம், உள்ளே லிஃப்ட் இருக்கிறது, நானே கூட வந்து ஏற்றிவிடுகிறேன். லிஃப்ட் இருப்பது உண்மைதான். அந்த ஓர் உண்மையை நம்பி மிச்சத்தையும் நம்பினேன். கார்டு நம்பரைப் போட்டு அழுத்திவிட்டேன்.

கேட்டது என் பெயரும் போன் நம்பரும் மட்டும். இவர் பெயரைக் கேட்கவே இல்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து கொலோசியம் சீட்டில் உள்ளே போகிற ஒவ்வொருவர் பெயரும் இருக்க வேண்டும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். இதை நான் தெரிந்துகொண்டது அந்த வாசலில் நின்றபோதுதான்.

கான்ஸ்டன்டைன் வளைவுக்குப் பக்கத்தில் மஞ்சள் குடையோடு ஒரு பையன். முட்டிக்கு ஆறுதல் சொன்னவன் இல்லை, வேறு ஆள். போனுக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பிவிட்டு "அங்கே போங்க" என்று கை காட்டினான். வாசலில் இருந்த அம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டார். சீட்டில் இருந்த இரண்டு பெயரும் எங்களுடையவை இல்லை. திரும்பி வந்தால் குடையும் இல்லை, பையனும் இல்லை. கி.பி. 80-ல் திறந்த அரங்கத்தை வெளியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தோம். அதற்கு எதற்குச் சீட்டு?

பாந்தியன் சீட்டும் வரவில்லை. ஆளுக்கு 5 யூரோ கொடுத்து நாங்களே போனோம். உள்ளே நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரை நடுவிலுள்ள வட்டத் திறப்பு வழியாகத் தண்ணீர் நேராகத் தரையில் விழுந்து, சின்னச் சின்னத் துளைகளில் இறங்கிப் போனது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அன்றைக்கு நல்லதாக நடந்தது அது ஒன்றுதான், அதையும் அவன் தரவில்லை.

ராத்திரி உணவகத்தில் கூப்பனைக் காட்டினால், இதற்கு ஒரு கோப்பை ஒயினும் தக்காளி வைத்த ரொட்டியும்தான் என்றார்கள். பசி. பரிமாறுகிறவர் தட்டில் ஒரு முழு மீனைக் கொண்டுவந்து காட்டினார். பட்டியலில் அதற்கு நேரே 8 என்று இருந்தது. பரவாயில்லையே என்று தலையாட்டினோம். பில்லில் மீன் மட்டும் 88. அந்த 8-க்குப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் 'எத்தோ' என்று இருந்ததாம், நூறு கிராமுக்கு என்று அர்த்தம். மீன் ஒரு கிலோ நூறு கிராம். இதில் அவர்களைச் சட்டப்படி ஒன்றும் சொல்ல முடியாது என்பதுதான் இன்னும் எரிகிறது.

சரி, 264-க்கு வருகிறேன். தளத்தின் உதவிப் பிரிவில் எழுதினேன். முதல் பதில், 48 மணி நேரம் பொறுக்கவும். இரண்டாவது பதில், நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, நடத்துகிறவரைக் கேளுங்கள். நடத்துகிறவர் வாட்ஸ்அப்பில் என்னைப் பிளாக் செய்துவிட்டார், படம்கூடக் காணோம். மூன்றாவது பதிலில், நீங்கள் நான்கு நிமிடம் தாமதமாக வந்ததாகப் பதிவாகியுள்ளது, எனவே பணம் திரும்பாது என்கிறார்கள். தாமதமா! குடையோடு நாங்கள் எடுத்த செல்ஃபியில் மணி ஒன்பது பத்து, வரச் சொன்னது ஒன்பதே கால். படத்தை அனுப்பினேன். நான்காவது பதிலில் நல்லெண்ண அடையாளமாக 20 யூரோ கூப்பன், ஆறு மாதத்துக்குள் அவர்களிடமே செலவழிக்க வேண்டுமாம். 264 வாங்கிக்கொண்டு 20!

இவர் ஒரு வார்த்தை என்னைக் குத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், நேரமில்லை. கொலோசியத்துக்கு இருவர் பாஸ்போர்ட் பெயரையும் கேட்காதவனிடம் சீட்டு வாங்காதீர்கள். சீட்டு கைக்கு வந்ததும் பெயரைப் படியுங்கள், வாசலில் போய்ப் படிக்காதீர்கள். மீன் என்றால் எடை போட்டு மொத்த விலை சொல்லச் சொல்லிவிட்டுத் தலையாட்டுங்கள். பணம் கார்டில் கட்டுங்கள், வங்கியில் முறையிட அந்த ஒரு வழியாவது இருக்கும். நானும் படிவம் போட்டிருக்கிறேன், செல்ஃபியையும் சேர்த்து. இன்னும் ஏதோ ஆவணம் வேண்டுமென்று இப்போதுதான் மெயில் வந்திருக்கிறது, அதைப் பார்க்கிறேன்.