11 ஜிபி உலகமும் 25 நிமிட பேக்கப்பும்: மைன்கிராஃப்டோடு ஆறு வருடம்

"அப்பா, வீட்டுக்குள்ள புல் முளைச்சிருக்கு, வந்து பாருங்க."

2022 மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் மகள் கூப்பிட்டுக் காட்டினாள். நானும் அவளும் ஊரடங்கு சமயத்தில் மைன்கிராஃப்ட் என்ற, கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டும் கணினி விளையாட்டில் ஆரம்பித்த உலகம் அது. நாங்கள் கட்டிய வீட்டின் கூடத்தில் பாதி, சமையலறை முழுசும், வரிசையாக வைத்திருந்த ஒன்பது பெட்டிகள், எல்லாம் காணோம். கத்தியால் கேக் வெட்டியதுபோல நேர்கோட்டில் அறுபட்டு, 16-க்கு 16 சதுரத்தில் வெறும் புல்லும் இரண்டு மரங்களும் நின்றன. நடுவில் எங்கள் பூனை மட்டும் எதுவும் நடக்காததுபோல உட்கார்ந்திருந்தது.

முந்தின நாள் ராத்திரி கேம் ஓடிக்கொண்டிருந்தபோதே கரண்ட் போயிருந்தது. என் லேப்டாப்பின் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சுவரில் மாட்டினால்தான் உயிர். கேம் நிலத்தை 16-க்கு 16 கட்டம் கொண்ட துண்டுகளாகத்தான் டிஸ்கில் வைக்கும். எழுதிக்கொண்டிருந்த பாதியில் நின்றுபோனதால் அப்படி ஒரு துண்டின் தகவல் கெட்டுவிட்டது. படிக்க முடியாத துண்டை உலகத்தின் விதை எண்ணை (நிலம் எப்படி அமைய வேண்டும் என்று தீர்மானிக்கும் எண்) வைத்து கேம் முதலிலிருந்து உருவாக்கிக்கொண்டது. யாரும் தொடாத நிலம்போல வெறும் புல்லும் மரமும் வந்துவிட்டன.

பேக்கப் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் மூன்று வாரம் பழசு. மூன்று வாரமாக ஏன் எடுக்கவில்லை? எடுக்க 25 நிமிடம் ஆகும் என்பதால்தான். பத்து மணிக்கு விளையாட்டை முடித்துவிட்டு 25 நிமிடம் பச்சைக்கோட்டைப் பார்த்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்கள்? "நாளைக்கு எடுத்துக்கலாம்" என்று மூடிவைத்துவிட்டுப் போய்விடுவோம்.

முதலில் வீட்டை மீட்ட கதை. நான் சொல்வதெல்லாம் கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கு மட்டும்தான். செல்போனில் ஓடும் பெட்ராக் பதிப்பின் சேமிப்பு முறையே வேறு, இந்த வித்தை அங்கே பலிக்காது. ஜாவா பதிப்பில் ஒவ்வொரு உலகமும் ஒரு ஃபோல்டர். அதற்குள் ரீஜன் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், நிலம் முழுக்க அதில்தான். ஒவ்வொரு கோப்பிலும் 512-க்கு 512 கட்டம் அளவுள்ள நிலம் அடங்கும், அதாவது 32 வரிசையில் 32 துண்டுகள், மொத்தம் 1024. கோப்பின் பெயரிலேயே அது எந்த இடம் என்பதற்கான இரண்டு எண்கள் இருக்கும். அதனால் மொத்த உலகத்தையும் மூன்று வாரம் பின்னால் தள்ள வேண்டியதில்லை. வீடு இருக்கும் கோப்பை மட்டும் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்துப் போட்டால் போதும்.

எஃப்3 பட்டனை அழுத்தி வீட்டின் இடத்தைப் பார்த்தேன். கிழக்கு-மேற்குக்கான எக்ஸ் மைனஸ் 310, வடக்கு-தெற்குக்கான இசட் 740. இரண்டையும் 512-ஆல் வகுக்க வேண்டும். 740-க்கு 1 வந்தது. மைனஸ் 310-க்கு மைனஸ் 0.6 வந்தது, அதை நான் 0 என்று எடுத்துக்கொண்டேன். கோப்பை மாற்றிவிட்டு உள்ளே போனால் அதே புல், அதே பூனை. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது: எப்போதும் கீழ்நோக்கித்தான் முழு எண்ணாக்க வேண்டும். மைனஸ் 0.6-க்குக் கீழே இருப்பது மைனஸ் 1. மாற்றிய தப்பான கோப்பைத் திரும்ப வைத்துவிட்டு மைனஸ் 1, 1 என்ற கோப்பைப் போட்டேன். வீடு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் கட்டிய மாடிப்படி மட்டும் வரவில்லை. (அந்த எஃப்3 திரையிலேயே ரீஜன் கோப்பின் பெயர் எழுதியிருக்கிறது என்பதை ஒரு வருடம் கழித்துத்தான் பார்த்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.)

பூனை எப்படித் தப்பியது? 1.17 பதிப்பிலிருந்து விலங்குகள், கிராமத்து ஆட்கள் எல்லாம் என்டிட்டீஸ் என்ற தனி ஃபோல்டரில் சேமிக்கப்படுகிறார்கள். கெட்டது நிலத்தின் கோப்பு மட்டும்தான், அவர்களுடையது அல்ல.

அதற்குப் பிறகுதான் 25 நிமிடம் ஏன் ஆகிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். கேமிலேயே உலகத்தைத் திருத்தும் பக்கத்தில் பேக்கப் பட்டன் ஒன்று இருக்கிறது. அது ஒவ்வொரு முறையும் முழு உலகத்தையும் ஒரே ஜிப்பாகக் கட்டும். எங்கள் உலகம் அப்போது 11 ஜிபி. ஜிப் ஆன பிறகும் 10 ஜிபிக்குக் கொஞ்சம்தான் கீழே. காரணம், ரீஜன் கோப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டும் ஏற்கெனவே சுருக்கித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. பிழிந்த துணியைத் திரும்பப் பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்? இது தெரியாமல் இன்னும் சின்னதாக்கலாம் என்று 7-ஜிப் என்ற சுருக்கும் மென்பொருளை அதிகபட்ச அளவில் வைத்து ஒரு நாள் ஓட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஃபேன் கத்தியது, குறைந்தது சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஜிப்தான் வேண்டும் என்றால் சுருக்காமல் வெறுமனே கட்டும் 'ஸ்டோர்' அளவில் வையுங்கள். அந்த 10 ஜிபி ஜிப்பைப் பழைய பென் டிரைவில் போடப் பார்த்தபோது இன்னொரு பாடம். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது.

வேகத்துக்குக் குறுக்கே நின்ற இன்னொன்று ஹார்ட் டிஸ்க். ஒரே டிஸ்கிலிருந்து படித்து அதே டிஸ்கில் எழுதினால் அதற்குள் படிக்கவும் எழுதவும் செய்யும் முள் அங்கும் இங்கும் ஓடியே ஓய்ந்துவிடும். போதாக்குறைக்கு வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் முகர்ந்து பார்க்கும். முள்ளே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் மாற்றிய பிறகு 25 நிமிடம் ஆறு நிமிடம் ஆனது. அதுவும் எனக்கு அதிகம்தான்.

சரி, 11 ஜிபி எங்கிருந்து வந்தது? நாங்கள் கட்டியதெல்லாம் சேர்த்து நாலு ஊர் அளவுகூட இருக்காது. மிச்சமெல்லாம் எலிட்ரா இறக்கையை மாட்டிக்கொண்டு மகள் பறந்த வானத்துக்குக் கீழே இருந்த நிலம். நாம் பறக்கும் வழியில் எல்லாம் கேம் நிலத்தை உருவாக்கிச் சேமித்துக்கொண்டே வரும். ஒரு தடவை கடந்துபோன காடும் கடலும் ஆயுசுக்கும் டிஸ்கில் உட்கார்ந்திருக்கும். 1.18-இல் உலகத்தின் உயரம் 256 கட்டத்திலிருந்து 384 ஆனபோது துண்டுகளும் கனத்துவிட்டன.

இதற்கு எம்சிஏ செலக்டர் என்ற இலவசக் கருவி கைகொடுத்தது. உலகத்தை வரைபடமாகக் காட்டும். ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் ஆட்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்ற கணக்கை கேம் தானே வைத்திருக்கிறது. கணக்கு டிக் என்ற கேமின் நேர அளவில் இருக்கும். வினாடிக்கு 20 டிக் வீதம், 6000 டிக் என்றால் ஐந்து நிமிடம். அதற்குக் குறைவானதை எல்லாம் தேர்ந்தெடுத்து அழித்தேன். 11 ஜிபி 3.6 ஜிபி ஆனது! அழிந்த இடத்துக்கு மறுபடி போனால் நிலம் மறுபடி உருவாகிவிடும், பயமில்லை என்று நினைத்தேன். நிலம் உருவாகும். அதன்மேல் போட்டிருந்த தண்டவாளம் உருவாகாது. பாலைவனக் கோயிலுக்கு ஒரே ஒரு தடவை போட்டுவிட்டு மறந்திருந்த பாதையில் நடு 200 கட்டம் போயே போய்விட்டது. அன்றைக்குக் காலையில் எடுத்த பேக்கப் இருந்ததால் மகளிடம் திட்டு வாங்காமல் தப்பித்தேன். இப்போதெல்லாம் அழிப்பதற்கு முன் வரைபடத்தில் பாதைகளைக் கையால் தேர்விலிருந்து நீக்கிவிடுகிறேன்.

நடுவில் ஒரு கிளவுட் சேவையையும் முயன்றேன். உலகத்தின் ஃபோல்டரையே அதன் கண்காணிப்பில் வைத்துவிட்டால் தானாக ஏறிக்கொள்ளுமே என்ற சோம்பேறித்தனம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேம் சேமிக்கும், அது உடனே தூக்கப் போகும், இரண்டும் முட்டிக்கொண்டு 'முரண்பட்ட நகல்' என்ற பெயரில் குட்டிகள் பிறந்தன. எது அசல் என்று தெரியவில்லை. மூன்றே நாளில் எடுத்துவிட்டேன். கேம் ஓடும்போது நகலெடுக்காதீர்கள், எந்த வழியிலும்.

இப்போது பழக்கத்தில் இருப்பது இதுதான். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையை, கிளிக் செய்தால் ஓடும் ஒரு சின்ன பேட்ச் கோப்பில் எழுதி டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறேன். மாறிய ரீஜன் கோப்புகளை மட்டும் வெளி டிஸ்குக்கு எடுத்துப்போகும். ஒரு ராத்திரி விளையாடினால் 30 கோப்பு மாறும், 40 வினாடியில் முடிந்துவிடும். கேம் ஓடும்போது பூட்டி வைத்திருக்கும் செஷன் லாக் என்ற கோப்பில் இடறி நின்றால் கேமை மூட மறந்துவிட்டேன் என்று அர்த்தம். ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு: வீடு கெட்டுப்போன கோப்பும் 'மாறிய கோப்பு'தானே, அதுவும் விசுவாசமாக நகலாகிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ரெஸ்டிக் என்ற கருவியால் தேதிவாரியாகவும் ஒரு பிரதி. கோப்புகளைத் துண்டுபோட்டு ஏற்கெனவே இருப்பதை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் சேர்ப்பதால் வருடக்கணக்கில் வைத்திருந்தும் இடம் அடைக்கவில்லை. கடவுச்சொல் தொலைந்தால் மொத்தமும் போச்சு. என்னுடையது கேஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பழைய தேதி ஒன்றை வேறு பெயரில் விரித்துத் திறந்து, வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்து பார்ப்பேன். ஒரு முறை திறக்காமல் போனபோதுதான் வெளி டிஸ்கின் கேபிள் லூஸ் என்று தெரிந்தது.

போன மாதம் மகள் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது உலகத்தின் பிரதி ஒன்று கேட்டாள். அவசரத்தில் கையில் கிடைத்தது அந்தப் பழைய பென் டிரைவ்தான். ஃபோல்டராகப் போட்டதால் 4 ஜிபி தடை வரவில்லை. ஆனால் அது நகர்ந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டியபடி நின்றாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?"

"இருபது நிமிஷம் காட்டுது."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.