பதினாறுக்கும் ஒரே வேலி: ஆர் மொழியின் எச்டிஎம் தொகுப்பு

எச்டிஎம் (hdm) என்பது மாறிகள் மிகப் பல உள்ள தரவுக்கான ஆர் மொழித் தொகுப்பு. அதைப் பெரும்பாலும் லாசோவுக்காகத்தான் (தேவையற்ற மாறிகளைக் கழித்துவிடும் மதிப்பீட்டு முறை) நிறுவுகிறார்கள். அதில் உண்மையான சரக்கு வேறிடத்தில் இருக்கிறது: நம்பக இடைவெளி தரும் கான்ஃபின்ட் (confint) கட்டளைக்குள் உள்ள ‘ஜாயின்ட்’ (joint) என்ற தேர்வு. பல குணகங்களையும் ஒருசேர அடைக்கும் இடைவெளியை, அதாவது ஒரே வேலியை, போடுவது அதுதான். நாமாக ட்ரூ (TRUE) என்று கொடுத்தால்தான் அது வேலை செய்யும். முதல் குறையே அதுதான்.

தொகுப்போடு வரும் சிபிஎஸ்2012 என்ற அமெரிக்கத் தரவில் 29,217 பேரின் ஊதிய விவரம் உண்டு. ‘பெண்’ என்ற மாறியும் அதன் பெருக்கல் உறுப்புகளும் (பெண் × கல்வி போன்றவை) சேர்ந்து 16 குணகங்கள், அதாவது ஊதியத்தின் மீதான 16 தாக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக 95 சதவீத இடைவெளி போட நியமப் பிழையின் 1.96 மடங்கு போதும். பதினாறும் ஒருசேரப் பிடிபட வேண்டுமானால் அவற்றில் மிகப் பெரிய விலகல் எப்படிப் பரவுகிறது என்று தெரிய வேண்டும். எண்ணிக்கைக்கேற்ப வரம்பை இறுக்கும் போன்ஃபெரோனி முறை 2.96 கேட்கும், 1,000 குணகம் என்றால் 4.06. மாறிகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும்போது இது வீணான அகலம். உச்ச மதிப்புகளுக்கான கம்பெல் எல்லைப் பரவலும் கைகொடுக்காது: இயல்நிலை மாறிகளின் உச்சம் அதை நெருங்கும் வேகம், மாறி எண்ணிக்கையின் லாகரிதத்துக்குத் தலைகீழ். ஆமை வேகம்தான்.

செர்னோசுகோவ், செட்வெரிகோவ், கேட்டோ மூவரின் 2013 தேற்றம் எல்லைப் பரவலையே தேடுவதில்லை. அதே இணைமாறுபாடு (மாறிகள் சேர்ந்து நகரும் அளவு) கொண்ட இயல்நிலைத் திசையனின் உச்சத்தை அளவுகோலாக்குகிறது. மாறிகள் வரிசைகளைவிடப் பல மடங்கு இருந்தாலும் செல்லும். தொகுப்பு அதை இப்படிச் செய்கிறது: ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு எச்சங்களைப் (ஊதியத்திலும் அந்தந்த மாறியிலும் மற்ற மாறிகளால் விளக்க முடியாத மிச்சம்) பெருக்கி, அதை ஒரு இயல்நிலைச் சமவாய்ப்பு எண்ணால் பெருக்கி, பத்தி பத்தியாகக் கூட்டி, வரிசை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து, குறி நீக்கிய உச்சத்தை எடுக்கிறது. இப்படி 500 சுற்று. கிடைத்த உச்சங்களின் 95ஆம் சதமானம்தான் வேலியின் அகலத்தை முடிவு செய்கிறது. சுற்றுதோறும் லாசோவை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை என்பதால் நேரம் அதிகம் பிடிக்காது.

அந்த 500 போதாது. 95 சதவீதம் என்று சொல்வதிலேயே ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளி நியமப் பிழை வந்துவிடும். விதை எண்ணை (சமவாய்ப்பு எண்களின் தொடக்கப் புள்ளி) நிலைநிறுத்தாவிட்டால் ஓட்டத்துக்கு ஓட்டம் விடை நகரும். கான்ஃபின்ட் கட்டளையில் சுற்றை உயர்த்த வழியில்லை. பல சோதனைகளுக்கான ரோமானோ–வுல்ஃப் திருத்தம் தரும் பி_அட்ஜஸ்ட் (p_adjust) கட்டளையில் மட்டும் அந்த எண்ணை மாற்றலாம். எனவே மேற்சொன்ன சுழலைப் பத்து வரியில் நீங்களே எழுதி 5,000 சுற்று விடுவது மேல்.

பெரிய ஆபத்து அரிதான பத்திகள். 29,217 வரிசையில் முப்பதே இடத்தில் 1 இருக்கும் பெருக்கல் உறுப்பின் கூட்டுத்தொகை இயல்நிலையை நெருங்காது. உச்சத்தையோ அந்த ஒரு பத்தியே பிடித்துக்கொள்ளலாம். தொகுப்பு எச்சரிக்காது. ஓட்டுவதற்கு முன் பத்திக் கூட்டல்களைப் பாருங்கள். காலத்தொடர், கொத்துத் தரவு (ஒரே ஊர், ஒரே பள்ளி என்று குழுவாக வரும் வரிசைகள்) என்றால் இந்தத் தேர்வைத் தொடவே வேண்டாம்: வரிசைக்கு ஒரு தனி எண் என்பதால் வரிசைகளுக்கிடையேயான சார்பு கலைந்து, வேலி பெரும்பாலும் குறுகிவிடும். கொத்துக்கு ஒரே எண் கொடுத்து நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.