ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சார் கோளாறு: ஸ்கேனரோடு நீண்ட நாள் பழகியதில் தெரிந்தவை

வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்பி அமைப்பின் லைட் அணையாமல் எரிகிறது. ஸ்கேன் போட்டால், ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சார் என்று வருகிறது. "சென்சார் போயிடுச்சு, மாத்தணும்" என்பதுதான் பெரும்பாலும் கேட்கும் பதில். பல கார்களில் இது கிளாக் ஸ்பிரிங்கோடு (சுற்றும் ஸ்டீயரிங் வீலுக்கு ஹாரன், ஏர்பேக் மின்சாரத்தைக் கொண்டுபோகும் சுருள் ரிப்பன்) ஒரே யூனிட்டாகவோ, எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கின் தண்டுப் பகுதிக்கு (column) உள்ளேயோ இருக்கும். அதனால் மாற்றும் செலவு பெரிது. ஸ்கேனர் காட்டும் பிழை எண்ணான கோட், எந்த சர்க்யூட்டில் பிரச்சினை என்று மட்டும்தான் சொல்லும்; காரணத்தை லைவ் டேட்டாவில் (சென்சார் அந்த நேரத்தில் தரும் எண்கள்) தான் தேட வேண்டும்.

அந்தக் கோட் எண்ணையும் சரியாகப் படிக்க வேண்டும். ஹூண்டாய், கியா கார்களில் வரும் சி1261, ஜீரோ பாயின்ட் (ஸ்டீயரிங் நேராக இருக்கும் நிலை) பதிவாகவில்லை என்கிறது. சென்சார் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. யு0126 வந்தால் சென்சாரிடமிருந்து தகவலே வரவில்லை என்று அர்த்தம். அங்கே ஃபியூஸ், கனெக்டர், மாட்யூல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் வயர் மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்கேனர் விஷயத்தில் ஒன்று. மலிவான இஎல்எம்327 அடாப்டரோடு பொதுவான ஆப் போட்டால் பெரும்பாலும் இன்ஜின் கோட் மட்டுமே வரும். பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் மாட்யூலோடு பேசும் ஆப்போ ஸ்கேனரோ கட்டாயம் வேண்டும். மெதுவான அடாப்டரில் எண்கள் விட்டு விட்டு மாறும். ஸ்டீயரிங்கை வேகமாகச் சுற்றினால் நல்ல சென்சார்கூட எகிறிக் குதிப்பது போலத் தெரியும். மெதுவாகத் திருப்புங்கள்; கிராஃப் வசதி இருந்தால் அதிலேயே பாருங்கள்.

சமதளமான, நேரான ரோட்டில் மெதுவாக ஓட்டி, ஸ்டீயரிங் ஆங்கிள் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள் (எண்ணைப் படிக்கப் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்). ஓரிரு டிகிரி வித்தியாசம் இருக்கலாம். பிறகு வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓட, இடது கோடி வரை ஒருமுறை, வலது கோடி வரை ஒருமுறை திருப்பி இரண்டு எண்களையும் எழுதுங்கள். கோடியில் அழுத்திப் பிடிக்காதீர்கள், பவர் ஸ்டீயரிங்குக்கு நல்லதல்ல.

உதாரணமாக இடது 540, வலது 500 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசத்தில் பாதி, அதாவது 20 டிகிரி, சென்சாரின் நடு விலகியிருக்கிறது. நேர் ரோட்டிலும் இடப்பக்கம் 20 டிகிரியை ஒட்டியே காட்டினால் விஷயம் முடிந்தது: சென்சார் ஒழுங்காக எண்ணுகிறது, ஜீரோ மட்டும் தப்பு. ஜீரோவை மறுபடி பதியும் கேலிப்ரேஷன் போதும். இரண்டு கோடியும் 520 என்று சமமாக வந்து, நேர் ரோட்டில் மட்டும் 10 டிகிரி காட்டினால் சென்சார் மேல் குற்றமே இல்லை. சக்கரங்களைத் திருப்பும் டை ராட் நீளம் இரண்டு பக்கமும் சமமில்லை. வீல் அலைன்மென்ட் வேலை அது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பார்ட் வாங்குவதில்தான் பணம் வீணாகிறது.

சென்சாரே பழுதானால் அடையாளம் வேறு மாதிரி இருக்கும். எண் உறைந்து நிற்கும். அல்லது 118, 120, 310, 124 என்று நடுவில் பாயும். ஒளி முறை சென்சாரில் ஓட்டைத் தட்டில் அழுக்குப் படிந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் தடுமாறும். காந்த முறையில், பல் எண்ணிக்கை வேறுபட்ட இரண்டு குட்டிப் பல்சக்கரங்கள் கடிகாரத்தின் இரண்டு முட்கள் போல ஒன்றையொன்று முந்திச் சுற்றும். அவை நிற்கும் நிலையை ஒப்பிட்டுத்தான் எத்தனையாவது சுற்று என்பது கணக்காகிறது. ஒரு பல் உடைந்தாலோ நழுவினாலோ கணக்கு மொத்தமும் கெடும்.

திருப்பாமலே, ஸ்டீயரிங் தண்டின் கவரை லேசாகத் தட்டும்போதோ, ஸ்டீயரிங் உயரத்தை மாற்றும் டில்ட் லீவரை ஏற்றி இறக்கும்போதோ எண் பாய்ந்தால் கனெக்டரைச் சந்தேகப்படுங்கள். கூடவே ஹாரன் வேலை செய்யவில்லை, ஸ்டீயரிங் பட்டன்கள் செத்துவிட்டன, ஏர்பேக் லைட்டும் எரிகிறது என்றால் கிளாக் ஸ்பிரிங் ரிப்பன் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பேட்டரியை விட்டுவிடாதீர்கள். சில பழைய சென்சார்கள் சுற்றுக் கணக்கை நினைவில் வைக்க எப்போதும் 12 வோல்ட் வேண்டும். பேட்டரி கழற்றினாலும், ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் ரொம்ப இறங்கினாலும் லைட் வரும். இரு கோடிக்கும் ஒருமுறை திருப்பினால் பல கார்களில் தானாகப் போய்விடும். கேன் வயரைச் சோதிக்க, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே அளந்தால் பெரும்பாலான கார்களில் 60 ஓம் அளவில் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை துண்டிப்பு. மஞ்சள் நிற ஏர்பேக் கனெக்டரில் மட்டும் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது.

வண்டி எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் யா (yaw) சென்சாரையும் ஒரு பார்வை பாருங்கள். ஸ்டீயரிங் சொல்லும் திருப்பமும் வண்டி உண்மையில் திரும்பும் அளவும் பொருந்துகிறதா என்றுதான் இஎஸ்பி ஒப்பிடுகிறது. நிற்கும் வண்டியில் யா சென்சார் பூஜ்யத்தை விட்டு விலகிக் காட்டினால், பழி ஆங்கிள் சென்சார் மேல் விழலாம்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்: சக்கரங்கள் நேராக, பேட்டரி நெகடிவ் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, பிறகே ஏர்பேக்கைத் தொடுங்கள். புது கிளாக் ஸ்பிரிங் நடுவில் பூட்டப்பட்டே வரும்; பொருத்திய பிறகுதான் அந்தப் பூட்டை எடுக்க வேண்டும்.

கேலிப்ரேஷனுக்குச் சமதளமும் சரியான டயர் காற்றும் அவசியம். எம்கே60 வகை ஏபிஎஸ் உள்ள பழைய ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் விசிடிஎஸ் (அந்தக் கார்களுக்கான ஸ்கேன் மென்பொருள்) கொண்டு செய்வது இப்படி: 20 கிலோமீட்டர் வேகத்துக்குள் நேராக ஓட்டி, ஸ்டீயரிங் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள், இக்னிஷனை அணைக்காதீர்கள். மெஷரிங் பிளாக் 004-ல் கோணம் கூட்டல் கழித்தல் 4.5-க்குள் இருந்தால் 40168 லாகின் கொடுத்து, பேசிக் செட்டிங் குரூப் 060-ஐ இயக்குங்கள்.

அலைன்மென்ட் போட்ட பிறகு ஸ்டீயரிங் வீல் சாய்ந்து நின்றால், அதைக் கழற்றி ஒரு ஸ்பிளைன் (வீல் பொருந்தும் தண்டின் பல்) தள்ளி மாட்ட விடாதீர்கள். இரண்டு டை ராடிலும் சமமாகத் திருத்தச் சொல்லுங்கள். சென்சார் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் கார்களில் ஸ்பிளைனைத் தள்ளினால் வீல் நேராகத் தெரியும், சென்சார் பழைய 10 டிகிரியையே சொல்லிக்கொண்டிருக்கும்.