குளுக்கோஸா, காலக்டோஸா? மைட்டோகாண்ட்ரியாவைச் சோதிக்க எந்த வளர்ப்பு ஊடகம்?

ஹெப்-ஜி2 என்னும் மனிதக் கல்லீரல் புற்றுச் செல்களை இரண்டு தட்டுகளில் வளர்த்து, இரண்டிலும் ஒரே அளவு ரோட்டனோன் விடுங்கள். செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் சுவாசச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே முடக்கும் நஞ்சு அது. குளுக்கோஸில் வளர்பவை பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. காலக்டோஸில் வளர்பவை மடிகின்றன. செல்லும் நஞ்சும் ஒன்றுதான். சர்க்கரை மட்டுமே வேறு.

செல்களை வளர்க்கும் சத்துக் கரைசலே ஊடகம். பெரும்பாலான ஆய்வகங்களில் கைக்கு எட்டுவது டிஎம்இஎம் என்னும் ஊடகத்தின் உயர் குளுக்கோஸ் வகை. லிட்டருக்கு 4.5 கிராம், அதாவது 25 மில்லிமோலார். வெறும் வயிற்றில் நம் இரத்தத்தில் இருப்பது சுமார் 5 மில்லிமோலார்தான். இப்படி வாரி வழங்கினால் செல்லுக்குச் சுவாசிக்கும் அவசியமே குறைந்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைக்கும் கிளைக்காலிசிஸில், ஒரு குளுக்கோஸுக்குச் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 2 தான் மிஞ்சும். மைட்டோகாண்ட்ரியா வரை கொண்டுபோனால் ஏறத்தாழ 30 கிடைக்கும். ஆனாலும் சரக்குக்குப் பஞ்சமில்லாதபோது வேகமே வெல்கிறது. வெளியேறும் லாக்டிக் அமிலத்தால் ஊடகத்திலுள்ள பீனால் ரெட் என்னும் நிறங்காட்டி மஞ்சளாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குளுக்கோஸ் சுவாசத்தை அடக்குவதைக் கட்டித் திசுக்களில் கிராப்ட்ரீ 1929-லேயே காட்டிவிட்டார். செல்களைப் பெருக்கிச் சேமிக்க இந்த ஊடகத்துக்கு நிகரில்லை. மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி இதனிடம் கேட்டால் பொய் சொல்லும்.

காலக்டோஸ் கறாரான சோதனையாளர். அது கிளைக்காலிசிஸுக்குள் நுழையும் பாதை மிக மெதுவானது. அந்த வருவாயில் செல் பிழைக்க முடியாது. ஊடகத்திலுள்ள குளுட்டமின் என்னும் அமினோ அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவில் எரித்தே ஆக வேண்டும். சுவாசக் குறைபாடுள்ள நோயாளிகளின் தோல் செல்கள் இந்த ஊடகத்தில் பிழைப்பதில்லை என்பதை ராபின்சன் குழு 1992-ல் காட்டியது. 2007-இல் மரோக்வின் குழு இதையே மருந்துகளின் நச்சுத்தன்மையை அறியும் முறையாக்கியது. இரண்டு ஊடகத்திலும் ஒரே அளவில் கொன்றால் மருந்தின் குறி வேறெங்கோ இருக்கலாம். காலக்டோஸில் மட்டும் முந்திக் கொன்றால் மைட்டோகாண்ட்ரியாவைச் சந்தேகிக்கலாம்.

இதற்கு விலையும் உண்டு. செல்கள் பொதுவாக மெதுவாகவே பெருகும், எல்லா வகைகளும் பழகிக்கொள்வதுமில்லை. ஊடகத்தில் சேர்க்கும் கன்றுச் சீரத்திலேயே குளுக்கோஸ் ஒளிந்திருப்பதால், டயாலிசிஸ் செய்து அதை நீக்கிய சீரம் தேவை. இதை மறந்துவிட்டு முடிவு குழம்புகிறது என்று புலம்புவோர் அதிகம்.

5.5 மில்லிமோலார் குளுக்கோஸ் ஊடகம் உடலுக்கு நெருக்கமானது என்பார்கள். தட்டு நெருக்கமாக நிறைந்தால் அது விரைவில் தீர்ந்துபோகும். ஊடகத்தை அடிக்கடி மாற்ற முடியாதவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தப் போட்டியில் ஏடிபி மட்டுமே பந்தயம் அல்ல. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை முற்றிலும் இழந்த மனிதச் செல்கள் குளுக்கோஸில்கூடத் தாமாக வளர்வதில்லை. கிளைக்காலிசிஸின் விளைபொருளான பைருவேட்டையும், பிரிமிடின் வகைச் சேர்மமான யூரிடினையும் ஊட்ட வேண்டும் என்று ஆய்வாளர்கள் கிங், அட்டார்டி இருவரும் 1989-ல் காட்டினர். யூரிடின் எதற்கு? டிஎன்ஏ, ஆர்என்ஏவுக்குத் தேவையான பிரிமிடின் தயாரிப்பின் ஒரு படி சுவாசச் சங்கிலியோடு பிணைந்திருக்கிறது; சங்கிலி நின்றால் பிரிமிடினை வெளியிலிருந்துதான் தர வேண்டும். பைருவேட்டின் பங்கை 2015-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் தெளிவாக்கின: பெருகும் செல்லுக்குச் சுவாசம் செய்துதரும் முக்கிய வேலை, அஸ்பார்டேட் என்னும் அமினோ அமிலத்தைத் தயாரிக்க வழிவிடுவது. பைருவேட் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு அந்த வழியைத் திறந்துவைக்கிறது.

ஆகவே டிஎம்இஎம் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். பைருவேட் சேர்த்ததும் விற்கிறது, சேர்க்காததும் விற்கிறது. சேர்க்காத பாட்டிலில் வளர்ச்சியைத் தடுக்கும் அதே சுவாசத் தடுப்பான், சேர்த்த பாட்டிலில் பல் பிடுங்கிய பாம்பாகிவிடும்.